வளையத்தை எங்க நின்னு போடுவீங்க?

தரையில் ஒரு குச்சியை நட்டு, உங்கள் கையில் நாலு வளையத்தைக் கொடுத்து, "எங்க வேணா நின்னு போடுங்க"ன்னு சொன்னால் எங்கே நிற்பீர்கள்? ஒட்டி நின்றால் எல்லாமே விழும். ரொம்பத் தள்ளி நின்று ஒன்று விழுந்தால் அது லக். சிலர் மட்டும் ஒன்றிரண்டு போட்டுப் பார்த்து, முயன்றால் விழும் என்கிற தூரத்துக்கு நகர்ந்து நிற்பார்கள். தொழிலைப் பெருக்குகிறவர்களிடம் இந்தப் பழக்கம் தூக்கலாக இருக்கும் என்றார் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட்.

சரி, இது பிறவிக் குணமா, சொல்லிக்கொடுத்தால் வருமா? அதைப் பார்க்க அவர் வந்த இடம் காக்கிநாடா. நம்மைப் போலவே புதுச்சேரியைச் சேர்ந்த ஏனாமுக்குப் பக்கத்து ஊர்தான். 1964இல் அந்த ஊர் வியாபாரிகளை ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைத்தார்கள். எட்டக்கூடிய இலக்கு வைப்பது, ரிஸ்கை அளப்பது, தன்னைத்தானே எடைபோடுவது, இவைதான் பாடம். வளைய விளையாட்டும் உண்டு. பயிற்சி எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட தொழிலை விரிவாக்குவதில் சுறுசுறுப்பு காட்டினார்கள்.

இன்னும் கறாரான பதில் 2017இல் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டிலிருந்து வந்தது. தலைநகர் லோமேயில் 1,500 சிறுதொழில்காரர்களைக் குலுக்கல் மாதிரி மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான பாடம்: கணக்கு, மார்க்கெட்டிங், இத்யாதி. இரண்டாவது குழுவுக்குத் தன்முனைப்புப் பயிற்சி: பக்கத்துக் கடையைக் காப்பியடிக்காமல் யோசிப்பது, வாய்ப்பைத் தானே தேடிப் போவது, தடை வந்தால் மாற்றுவழி பார்ப்பது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்றாவது குழுவோடு ஒப்பிட்டால் தன்முனைப்புக் குழுவின் லாபம் 30 சதவீதம் அதிகம். வழக்கமான பாடம் படித்தவர்களுக்கு 11 சதவீதம்தான். அதுவும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத வித்தியாசம். கல்யாண உடை வாடகைக்கு விட்டுவந்த ஒரு பெண், பயிற்சிக்கு அப்புறம் கையுறை, முக்காடு என்று கூடச் சேர்த்து விற்க ஆரம்பித்தார். இதில் புது டெக்னாலஜி ஒன்றும் இல்லை, கவனிச்சீங்களா?

தடை என்றதும் நம்ம தருமபுரம் கோயில் ஞாபகம் வருது. சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை என்று திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, கருவியில் வருகிற அளவுக்கு வாசியுங்கள் என்றார் என்பது கதை. லோமே வகுப்பின் கடைசிப் பாடமும் கிட்டத்தட்ட இதுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். லோமேயில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் குறைந்தது ஒரு வருஷமாவது தொழில் நடத்திக்கொண்டிருந்தவர்கள். நாளைக்கு வகுப்பில் கற்றதை மறுநாள் காலையில் கடையில் போட்டுப் பார்க்க அவர்களால் முடிந்தது. நாமோ ஸ்டார்ட்அப் போட்டிக்கு ஸ்லைடு போடுகிறோம்; கையில் கடை இல்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் வீட்டில் கடை இருக்கு? மளிகை, தையல், மீன் வியாபாரம், லேத் பட்டறை? கல்லூரியின் தொழில்முனைவோர் மையம் வாரத்தில் இரண்டு சாயங்காலம் கதவைத் திறந்துவைத்து, பாரதியார் சாலைக் கடைக்காரர்களையும் நம்ம அப்பா அம்மாவையும் முன்பெஞ்சில் உட்காரவைத்தால் என்ன? நாம் பின்பெஞ்சில் இருந்து குறிப்பெடுக்கலாம்.