கோபுரமும் ஒரு கலங்கரை விளக்கம்தான்!

கலங்கரை விளக்கம் எதுக்கு? "கப்பலுக்கு வெளிச்சம் காட்ட"ன்னு சொல்வீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். உண்மையில் அது டார்ச் லைட் இல்லை, பெயர்ப்பலகை. "நீ இப்போ எந்த ஊருக்கு எதிரே இருக்கே"ன்னு மாலுமிக்குச் சொல்றதுதான் அதன் வேலை.

நம்ம கடலூர் கரையில் அது ரொம்பத் தேவை. உயரமான மலை கிடையாது. கடலிலிருந்து பார்த்தால் மணலும் மரமும் ஒரே கோடு மாதிரிதான் தெரியும். கெடிலம் முகத்துவாரம் எது, வெள்ளாறு எது? கொஞ்சம் தப்பினாலும் படகு மணல்திட்டில் ஏறிடும்.

அப்போ விளக்கு வருவதற்கு முன்னாடி என்ன செய்தாங்க? சிதம்பரம் கோபுரங்களைப் பார்த்தாங்க! பழைய ஆங்கிலேயக் கடல்வழிக் கையேடுகளில் இந்த நாலு கோபுரமும் பரங்கிப்பேட்டைக்கான அடையாளமாக வருது.

ஊருக்குள்ளே இருக்கிற கோபுரம் கடலில் எப்படித் தெரியும்? கணக்குப் போடுவோம். பூமி உருண்டை என்பதால், h மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் சுமார் 3.57 × √h கிலோமீட்டர். கோபுரம் சுமார் 40 மீட்டர்: 22.6 கி.மீ. மாலுமியின் கண் 9 மீட்டர் உயரத்தில்: 10.7 கி.மீ. கூட்டினால் 33. கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே 15 கி.மீ.ன்னு தாராளமாக வச்சாலும், கரையிலிருந்து 18 கி.மீ. தள்ளியே கோபுர உச்சி எட்டிப்பார்க்கும். நாலும் சேர்ந்து தெரிவதால் வேறு ஊர்னு குழப்பமும் வராது.

ஆனால் ராத்திரி? அதுக்குத்தான் விளக்கு. மாமல்லபுரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் ஒலக்கணேசுவரர் கோயில் மேலேயே விளக்கு வச்சாங்க. ராத்திரியில் எல்லா விளக்கும் ஒரே மாதிரி புள்ளிதானே? அதனால ஒவ்வொன்றுக்கும் தனி மின்னல் கணக்கு: எத்தனை தடவை, எத்தனை நொடிக்கு ஒருமுறை. மாலுமி அதை எண்ணி, பட்டியலில் பார்த்து ஊரைக் கண்டுபிடிப்பார்.

இப்போ ஜிபிஎஸ் இருக்கேன்னு கேட்கலாம். ஃபைபர் படகில் போனவருக்கு சார்ஜ் தீர்ந்துட்டா, இல்லை போன் தண்ணியில் விழுந்துட்டா? கரையில் எரியும் விளக்குக்கு சிக்னலும் வேண்டாம், அவர் கையில் எந்தக் கருவியும் வேண்டாம்.

கடலூர்லயும் பரங்கிப்பேட்டையிலும் கலங்கரை விளக்கம் இருக்கு. அடுத்த முறை ராத்திரி அந்தப் பக்கம் போனால், செல்ஃபிக்கு முன்னாடி ஸ்டாப்வாட்சை ஆன் பண்ணுங்க. மின்னலை எண்ணுங்க. ரெண்டு ஊருக்கும் கணக்கு ஒண்ணா, வேறயான்னு நீங்களே பாருங்க.