காற்றைக் கேட்டுவிட்டு மேடை போடுங்கள்

புது வீட்டுக்குக் கடைக்கால் எடுத்த நாளிலேயே சமையலறைப் பேச்சு ஆரம்பமாகிவிடும். எல் வடிவமா, யு வடிவமா, ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறையா, ஒரே சுவரில் நீளமாக மேடையா? செல்போனில் நாலு படம் பார்த்து, பிடித்த ஒன்றை மேஸ்திரியிடம் காட்டி, "இதே மாதிரி போட்டுடுங்கண்ணா" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் படத்திலிருக்கும் வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்பதில்லை. மரக்காணத்தில் வீடு கட்டுகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் உப்பளமும் கழுவெளி சதுப்பு நிலமும். நடுவே ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஊரும் குப்பங்களும். எந்தப் பக்கமிருந்து காற்று அடித்தாலும் அதில் உப்பு இருக்கும். மதுரைக்கும் கோவைக்கும் பொருந்துகிற சமையலறை இங்கே இரண்டு மழைக்காலம் தாண்டாமல் போவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

விடியுமுன் எரியும் அடுப்பு

உப்பளத்தில் வாரும் வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும். அதனால் வேலைக்குப் போகும் பெண்களின் வீட்டில் கோழி கூவுமுன் அடுப்பு எரியும். உலை ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம். தூக்குச்சட்டியில் சோறு அடைபடும் நேரத்தில் திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ பஸ் பிடிக்க வேண்டிய மகன் டிபன் பாக்ஸைத் தேடுவான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றியாக வேண்டும். மீன் வந்துவிட்டால் அதை ஆய்ந்து கழுவ ஒரு ஆள் வேண்டும். அளத்திலிருந்து திரும்புகிறவர் கால் முழுக்க உப்புநீரோடு வருவார். வாசல் வழியாக நுழையாமல் கொல்லைப்புறக் குழாயில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவதுதான் வழக்கம்.

இப்படிப்பட்ட வீட்டுச் சமையலறையில் எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பேர் நிற்பார்கள், மூன்றாவது ஆள் குறுக்கே நடப்பார். கட்டடக் கலைஞர்கள் பல காலமாகச் சொல்லிவரும் 'வேலை முக்கோணம்' அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றுக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிடுகிறது. மூன்று பக்கமும் சேர்ந்து 12 முதல் 26 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. 1940-களில் அமெரிக்காவில் பிறந்த கணக்கு அது. தனியாகச் சமைக்கும் ஒரு பெண்ணின் காலடிகளை அளந்தது. கிரைண்டர், மீன் ஆயும் இடம், குடிதண்ணீர்க் குடங்கள், கொல்லைக் கதவு இவை எதுவும் அதில் கிடையாது. நம் வீட்டில் அதிக நடை இவற்றுக்கு இடையில்தான்.

எந்த வடிவம்?

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரைக்கு எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு மேடை போட்டு, நடுவில் நடைவழி விட்டு, நடைவழியின் ஒரு முனையில் கொல்லைக் கதவும் மறுமுனையில் ஜன்னலோ வாசலோ வைக்கும் இணை மேடைச் சமையலறைதான் சரி.

யு வடிவத்தில் மூன்று சுவரையும் மேடை பிடித்துக்கொள்ளும். கதவு இருக்க வேண்டிய மூன்றாவது சுவரில் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்துவிடும். கொல்லைக்கு வழி அடைபடும். சமைப்பவர் மூன்று பக்கமும் அடைத்த இடத்தில் வியர்வையில் நனைய வேண்டியதுதான். எல் வடிவத்தில் கதவுக்கு இடம் கிடைக்கும். ஆனால் இரண்டு மேடையும் சேரும் மூலையின் அடிப்பகுதிக்குக் கை எட்டாது, வெளிச்சம் எட்டாது, காற்றும் எட்டாது. கடலோரத்தில் காற்று எட்டாத மூலை என்றால் ஈரம், பூசணம், கரப்பான். திறந்த சமையலறையை விரும்புகிறவர்கள், சமைப்பவர் வீட்டோடு பேசிக்கொண்டே சமைக்கலாம் என்கிறார்கள். அது நல்ல எண்ணம்தான். அதற்கு ஹால் பக்கச் சுவரில் ஒரு பரிமாறும் ஜன்னல் போதும். கருவாடு வறுக்கும் வீட்டில் சுவரையே எடுத்துவிட்டால் அந்த வாசனையில்தான் பிள்ளைகள் படிக்க வேண்டியிருக்கும்.

1926-ல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த புகழ்பெற்ற சமையலறையும் குறுகலான நடைவழியின் இரு பக்கமும் வேலையிடம் கொண்டதுதான். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம்; சுமார் 10,000 வீடுகளில் அமைந்தது. அதன் பெரிய குறை, ஒருவருக்கு மேல் நிற்க முடியாது என்பது. அந்தக் குறையை நாம் கட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டு மேடைக்கும் நடுவே நாலரை அடி விடுங்கள். அடுப்பு மேடை 2 அடி, எதிர் மேடை ஒன்றரை அடி என்றால் மொத்த அகலம் 8 அடி. நீளம் 10 அடி கிடைத்தால் ஒரு பெரிய குடும்பம் இடித்துக்கொள்ளாமல் வேலை செய்யலாம்.

நாலரை அடி என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். சமையலறையில் இன்னொருவர் நிற்க இடமே இல்லையென்றால் "நான் வந்தா உனக்கு இடைஞ்சல்" என்று சொல்வது ஆண்களுக்கு எவ்வளவு வசதி!

சின்ன வீட்டுக்கு என்ன வழி? தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தனிச் சமையலறைக்குக் குறைந்தபட்சம் 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் கேட்கிறது. அது ஏறத்தாழ 6 அடி அகலம். அதிலும் ஒரு பக்கம் 2 அடி மேடை, எதிர்ச் சுவரில் ஒரு அடி கடப்பா பலகை என்று வைத்தால் நடுவில் 3 அடி மிஞ்சும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டப்படும் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அவ்வளவு சிறிய வீட்டில் மீன் ஆயவும் பாத்திரம் துலக்கவும் கொல்லைப்புறத்தில் ஒரு சிறு தாழ்வாரம் இறக்கிக்கொண்டால் சமையலறையின் பாதி நெரிசல் குறையும். சுனாமிக்குப் பிறகு கடலோரம் எங்கும் கான்கிரீட் வீடுகள் எழுந்தபோது, பல குடும்பங்கள் பின்பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை இறக்கி அங்கேதான் சமைத்தன. வீட்டுக்குள் காற்று இல்லை என்பதை அந்தக் கொட்டகைகளே எடுத்துச் சொல்லிவிட்டன.

கிழக்கே கடல்

நம் கரையில் வெயில் ஏறியபின் கடற்காற்று திரும்பும். நடுப்பகலுக்கு மேல் அது கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் நிலத்தை நோக்கி வீசும். தென்கிழக்கு மூலையில் சமையலறை இருந்தால், தாளிக்கும் புகையும் அடுப்புச் சூடும் மொத்தமாக வீட்டுக்குள்தான் தள்ளப்படும். அதே சமையலறை வீட்டின் மேற்குப் பக்கம் இருந்தால், கடற்காற்று முன்னறை வழியாக வந்து, புகையை அள்ளிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக வெளியேறும். உப்பை நேராக வாங்கும் கிழக்குச் சுவரிலிருந்தும் சமையலறை தள்ளி நிற்கும்.

தென்கிழக்கான அக்கினி மூலையை விட மனம் வராதவர்கள் இருப்பார்கள். அவர்கள் பார்க்கும் சாஸ்திரத்திலேயே வடமேற்கான வாயு மூலை இரண்டாம் தேர்வாகச் சொல்லப்பட்டிருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

மேடைகள் வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் இருக்கட்டும். அப்போது கிழக்கு மேற்காக ஓடும் காற்று நடைவழியில் நேராகப் போய்விடும், அடுப்பின் மேல் பாயாது. கதவுக்கும் ஜன்னலுக்கும் நேர்க்கோட்டில் அடுப்பை வைத்தால் தீ அணையும்; அணைந்த அடுப்பிலிருந்து எரிவாயு கசிந்துகொண்டே இருக்கும்.

துருப்பிடிக்காதது எது?

பழைய உப்புச் சாடியைக் கவனித்திருப்பீர்கள். மழைக்காலத்தில் கல் உப்பு தானாகவே நீர் விட்டுக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுக்கத் தொடங்கும். கல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே இழுக்கும். சாடிக்குள் நடப்பதுதான் அலமாரியின் கீலிலும் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் இரும்பின் மேல் படிந்து, இரவெல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முதலில் திருகாணியின் தலை பழுப்பாகும். பிறகு கீல் கிறீச்சிடும். ஒரு நாள் கதவு கையோடு வந்துவிடும்.

அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த மாடுலர் அலமாரி இந்தக் கரைக்கு ஆகவே ஆகாது. தண்ணீர் பட்டால் பலகை உப்பும், உப்பியது திரும்பாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணம் இருக்கும் இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றால் செங்கல் கட்டி கடப்பா கல் பதித்த அலமாரியைக் கழுவித் துடைத்துவிட்டு மறுநாளே பாத்திரம் அடுக்கலாம். மரத்தூள் அலமாரியைக் குப்பையில்தான் போட வேண்டும். மரவேலை வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். எஃகுச் சாமான்களில் 202 ரகத்தைத் தொடாதீர்கள். 304 பரவாயில்லை, உப்பைத் தாங்க 316 இன்னும் நல்லது.

பரணுக்கும் இதே கதைதான். ஐ.எஸ். 456 விதிநூல் கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் சேர்த்து, கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூட்டம் கேட்கிறது. மெல்லிய பரணில் அந்த மூட்டம் கிடைக்காது. கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பூச்சு பெயர்ந்து குழம்புச் சட்டியில் விழும். பரணுக்கும் கடப்பா பலகையே நல்லது.

பெட்டிக்குள் ஒரு சிலிண்டர்

இத்தனையும் சொன்னபின், என்னை உண்மையிலேயே அச்சப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது மேடைக்கு அடியில் எல்லாவற்றையும் கதவு போட்டு மூடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. அந்தக் கதவுகளில் ஒன்றுக்குப் பின்னால் 14.2 கிலோ எரிவாயு சிலிண்டர் நிற்கிறது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது; தரையோடு தரையாகப் பரவி, பள்ளத்தில் தேங்கும். மேலே சிம்னி சுழன்றாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலும் தரையில் தேங்கியது அப்படியேதான் இருக்கும். மூடிய பெட்டிக்குள் கசிந்தால் வாசனை நம் மூக்குக்கு வருமுன் பெட்டி நிறைந்துவிடலாம். விடியற்காலை இருட்டில், தூக்கக் கலக்கத்தோடு வந்து சுவிட்சைத் தட்டும் பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களுக்கு இல்லாத ஆபத்து ஒன்று கடலோரத்துக்கு உண்டு. இங்கே சிலிண்டரின் அடி வளையம் தரையில் துரு வட்டம் போடும். ரெகுலேட்டரின் உள்சுருளும் குழாயை இறுக்கும் கிளிப்பும் துருவேறும். திறந்த இடத்தில் இருந்தால் கூட்டிப் பெருக்கும்போது கண்ணில் படும். கதவுக்குப் பின்னால் இருந்தால் யார் பார்ப்பது?

ஆகவே சிலிண்டர் நிற்கும் இடத்துக்குக் கதவே வேண்டாம். பார்வைக்கு ஒரு துணித்திரை போதும். அந்த இடத்தின் வெளிச்சுவரில் தரை மட்டத்திலேயே ஒரு செங்கல் அளவுக்குத் துளை விட்டு வலை அடித்துவிடுங்கள். கதவு ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் மேலும் கீழும் காற்றுத் துளை போட்டாக வேண்டும். சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது. அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். உப்புக் காற்றில் அதற்கு முன்பே வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடித் தகட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சி-28 என்றிருந்தால் 2028 ஜூலை முதல் செப்டம்பருக்குள் அது மறுசோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள்; ஏ முதல் டி வரை நாலு எழுத்தும் ஆண்டின் நாலு காலாண்டுகள். தேதி கடந்த சிலிண்டரைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

கசிவு வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

வீடு கட்டப்போகும் மரக்காணத்துக் குடும்பங்களுக்கும், கூனிமேடு, அனுமந்தை, எக்கியார்குப்பம் என்று இந்தக் கரை நெடுகிலும் இருப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வரைபடத்தில் கையெழுத்துப் போடுமுன் நடுப்பகலில் ஒரு முறை மனையில் நின்று காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். கொல்லைக் கதவை விட்டுக்கொடுக்காதீர்கள். அலமாரிக் கதவுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் செலவாகச் சிலிண்டர் இடத்தின் அடிச்சுவரில் அந்தத் துளையைப் போடச் சொல்லுங்கள்.