மீட்டர் யார் பக்கம் ஓடுகிறது?

இணையத்தை மணிக்கணக்கில் விற்றுச் சோறு தின்றவன் நான். காஜாங் நகரில் ஒரு கடைவரிசையின் மாடியில் 'சிசி' வைத்திருந்தேன். சைபர் கஃபே என்று முழுப் பெயரைச் சொன்னவர்கள் குறைவு. மணிக்கு இரண்டு வெள்ளி. நேரம் தீர்ந்தால் திரை தானாக மூடிக்கொள்ளும், பையன் விளையாட்டில் ஜெயிக்கிற கட்டமாக இருந்தாலும் சரி. இப்போது கைப்பேசிக் கடை: உறை, சார்ஜர், டாப் அப். 'அடுத்த மாதத்திலிருந்து இண்டர்நெட்டுக்கும் மீட்டராம்' என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்துவிட்டால் போதும், "அண்ணே, நெசமா?" என்று நாலு பேர் கடைக்கு வந்துவிடுவார்கள். மீட்டர் எப்போது நின்றது என்றுதான் எனக்குத் தோன்றும்.

1996இல் டெலிகோம் மலேசியாவின் (டிஎம்) டிஎம்நெட் வந்தபோது 1515ஐச் சுழற்றி உள்ளே போக வேண்டும். இணையத்துக்கு நிமிடக் கட்டணம், தொலைபேசி அழைப்புக்குத் தனியாக ஒன்று. வீட்டில் யாரும் போன் பேச முடியாது. 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் வந்து மாதம் ஒரே தொகை என்றானது. 2010 மார்ச்சில் யூனிஃபை கண்ணாடி இழை வந்தது. விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்துக்கு 149 வெள்ளி. அந்தத் திட்டத்தில் மாதம் 60 ஜிபி என்ற உச்சவரம்பையும் எழுதி வைத்திருந்தார்கள், ஆனால் அமல்படுத்தவில்லை. எழுதியது அமலுக்கு வந்திருந்தால் இன்று ஒரு குடும்பம் தமிழ்ப் படம் பார்த்தே பதினைந்து நாளில் அதைத் தீர்த்திருக்கும்.

விலை உண்மையிலேயே இறங்கியது 2018இல். காரணத்தைப் பலர் ஆட்சி மாற்றம் என்று மட்டும் சொல்வார்கள். கோபிந்த் சிங் டியோ தொடர்பு பல்லூடக அமைச்சராக வந்து அழுத்தம் கொடுத்தது உண்மைதான். ஆனால் வேலை செய்த கருவி, 'அணுகல் விலைக் கட்டாயத் தரநிலை' என்ற வாயில் நுழையாத ஓர் ஆணை. நாட்டில் வீடுவரை போகும் கம்பியில் பெரும்பகுதி டெலிகோம் மலேசியாவுடையது. மற்ற நிறுவனங்கள் அதை வாடகைக்கு எடுத்துத்தான் நமக்கு விற்கின்றன. அந்த மொத்த வாடகைக்குத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2018 ஜூனில் உச்சவரம்பு போட்டது. வாடகை இறங்கியதும் போட்டிக்காரர்கள் சில்லறை விலையை இறக்கினார்கள், டிஎம்மும் இறக்க வேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில் இன்னொரு சுற்று. அதே ஆண்டு வந்த ஒற்றுமைத் தொகுப்பில், தகுதியுள்ளவர்களுக்கு 30 மெகாபிட் 69 வெள்ளி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்று 79 வெள்ளி யூனிஃபை திட்டம் வந்தபோது, வந்த புதிதில் அதில் 60 ஜிபி உச்சவரம்பு இருந்தது. 149 வெள்ளிக்காரர்மேல் ஓடாத மீட்டர் 79 வெள்ளிக்காரர்மேல் ஓடியது. கண்ணாடி இழை போகாத பழைய தாமான்களில் செம்புக் கம்பியில் இருந்தவர்களோ முதலில் பழைய விலையிலேயே நின்றார்கள்.

என் கடைக்கு வருகிறவர்கள் மீட்டர் ஓடும் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். பாலாக்கோங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறவர், செமினி பக்கம் அறை வாடகைக்கு இருக்கிறவர், கணவர் லாரி ஓட்டப் போயிருக்கும் அக்கா. பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்கு ஒரு வாரப் பாஸ் வாங்குவார்கள். நான்கு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் நாற்பதைத் தாண்டும். அது ஒரே ஒரு கைப்பேசிக்கு. பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் மும்மடங்கு. கூட்டிப் பார்த்தால் 69 வெள்ளி மலிவுதானே என்று ஒரு அக்காவிடம் சொன்னேன். "ஒப்பந்தம் போட வீடு நம்ம பேர்ல இருக்கணுமே தம்பி, வீட்டுக்காரன் எப்ப காலி பண்ணச் சொல்வான்னு தெரியாது" என்றார். மொத்தமாகக் கட்ட முடியாதவர்தான் சில்லறைக்கு அதிகம் கட்டுகிறார். அரிசியிலும் அப்படித்தான்.

வரியும் அவர்களைத்தான் முதலில் தொட்டது. 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி வந்தபோது பத்து வெள்ளி டாப் அப் 10 வெள்ளி 60 காசு ஆனது. அந்த அறுபது காசுக்கு நான் வாங்கிய திட்டுக்கு அளவில்லை. நானா வரி போட்டேன்? 2018 செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பியபோது குடிமக்களின் ப்ரீபெய்டுக்கு விலக்குக் கொடுத்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இல்லை.

2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது தினம் 1 ஜிபி இலவசம் என்றார்கள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை மட்டும். நல்ல உதவி, மறுக்கவில்லை. ஆனால் ஒரே போனை அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விட்டால், பிள்ளை பாடம் படிப்பது இரவில்தானே?

இப்போதைய மீட்டர் நிமிடத்தை எண்ணுவதில்லை. 'அன்லிமிடெட்' என்று பெரிதாக எழுதிவிட்டு, இத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கோட்டா என்று கீழே பொடி எழுத்தில் போடுகிறார்கள். இந்தச் செயலிக்கு டேட்டா கணக்கில்லை, மற்றதற்கு உண்டு என்ற கவர்ச்சியும் இருக்கிறது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் அப்படித் தளத்துக்குத் தளம் வேறு விலை வைப்பதைத் தடுத்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் அங்கே அதோடு முடிந்தது. நம் ஊரில் வீடியோ இலவசம், பாட்டு இலவசம் என்று நானே போஸ்டர் ஒட்டியிருக்கிறேன். வாடிக்கையாளருக்கு அது பிடிக்கும். எனக்கு ஒப்பவில்லை: எந்தக் கதவு இலவசம் என்பதை விற்கிறவன் முடிவு செய்கிறான்.

எந்தக் கதவை மூடுவது என்று அரசு முடிவு செய்யும் தடை தனிக் கதை. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே, இந்தச் சட்டத்தில் உள்ள எதையும் இணையத் தணிக்கைக்கான அனுமதியாகக் கொள்ளக்கூடாது என்று இருக்கிறது. இருந்தும் தளங்கள் முடக்கப்பட்டே வந்திருக்கின்றன. 2024 செப்டம்பரில் ஒருபடி மேலே போனார்கள். நாம் தளத்தின் பெயரைத் தட்டினால் அதற்குரிய எண் முகவரியைத் தேடிக் கொடுக்கும் டிஎன்எஸ் சேவை ஒன்று உண்டு. கூகுள் போன்ற பொதுச் சேவைகளுக்குப் போகும் கேள்விகளையும் உள்நாட்டு நிறுவனங்கள் தங்கள் சேவைக்கே திருப்பிவிட வேண்டும் என்று ஆணையம் சொன்னது. சூதாட்டம், மோசடித் தளங்களைத் தடுக்க என்றார்கள். தொழில்நுட்பக்காரர்கள் கொதித்தார்கள். செப்டம்பர் 8ஆம் தேதி தொடர்புத் துறை அமைச்சர் ஃபாஹ்மி ஃபட்சில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதன்பின் கவனம் தளங்களின் பக்கம் போனது: 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களுக்கு 2025 ஜனவரி முதல் உரிமம், 2026 ஜனவரி முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம்.

டிஎன்எஸ் விஷயத்தில் சத்தம் போட்டவர்களுக்கு எங்கே எழுதுவது, யாரைக் கேட்பது என்று தெரிந்திருந்தது. வாரப் பாஸ் வாங்குகிறவர்கள் ஆணையத்துக்கு எழுதுவதில்லை. பாஸில் ஒரு ஜிபி குறைந்தால் என்னிடம்தான் சண்டைக்கு வருகிறார்கள். இனி விலை ஏறுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வீட்டில் கம்பி இருப்பவர் இப்போதைக்குப் பயப்பட வேண்டாம், அந்த மொத்த வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறது. கைப்பேசியை மட்டும் நம்பி இருப்பவர் 5ஜியைப் பார்க்கட்டும். 2021இல் டிஜிட்டல் நேஷனல் என்ற ஒரே நிறுவனத்திடம் கட்டமைப்பைக் கொடுத்தார்கள்; 2024 நவம்பரில் இரண்டாவதைக் கட்ட யூ மொபைலைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பேரும் அடித்துக்கொண்டால் வாரப் பாஸ் இறங்கும். அடித்துக்கொள்ளாவிட்டால், பொடி எழுத்து இன்னும் பொடியாகும்.