சென்னைப் பண்பலையின் மாறிய இசைமுகம்

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பை 1977 ஜூலை 23 அன்று அகில இந்திய வானொலி சென்னையில் தொடங்கியது. ஒலிக்கேற்ப அலையின் அதிர்வெண்ணை மாற்றும் இம்முறையில் இரைச்சல் குறைந்து இசை தெளிவாகக் கேட்கிறது. ஆனால் இவ்வலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற சுற்றுப்பகுதிகளில் அவை கிடைப்பது கோபுர உயரத்தையும் அலைபரப்பியின் ஆற்றலையும் பொறுத்தது.

பின்னாளில் இச்சேவை 101.4 மெகாஹெர்ட்ஸில் ரெயின்போ, 102.3 மெகாஹெர்ட்ஸில் கோல்டு என இரு அலைவரிசைகளாக விரிந்தது. 2003இல் சூரியன், மிர்ச்சி ஆகிய தனியார் நிலையங்கள் சென்னையில் ஒலிக்கத் தொடங்கியபோது, ஆண்டுதோறும் 15 விழுக்காடு உயரும் நிலையான உரிமக் கட்டணத்தை விளம்பர வருவாயிலிருந்தே கட்ட வேண்டியிருந்தமையால், பெரும்பாலோர் விரும்பும் திரைப்பாடல்களே அவற்றின் இசை நிரலில், அதாவது எவ்வகைப் பாடல் எந்நேரத்தில் ஒலிக்கும் என்னும் திட்டத்தில், முதலிடம் பெற்றன.

அரசின் 2005ஆம் ஆண்டுப் பண்பலைக் கொள்கை வருவாயில் 4 விழுக்காட்டைப் பங்காகப் பெறும் முறைக்கு மாறி அச்சுமையைக் குறைத்த பின்னர் நிலையங்கள் பெருகின. எனினும் எண்ணிக்கைக்கு இணையாக இசை வகைகளும் பெருகினால்தான், தமிழுடன் தெலுங்கும் இந்தியும் புழங்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உழைப்பாளர் அனைவருக்கும் பண்பலை உரியதாகும்.