தோட்டாவுக்குள் ஒரு உலகம் – 9: நடுவில் நிற்கும் மருந்து

பிரான்ஸில் பால் வியெய் 1884-ல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அமெரிக்கா. அங்கே வேட்டைக்காரர்களும் பந்தயத்தில் குறிபார்த்துச் சுடுகிறவர்களும் தங்களுக்கு வேண்டிய தோட்டாவை வீட்டு மேஜையிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். விற்காமல் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால், மத்திய அரசின் உரிமம்கூட அதற்குத் தேவையில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்து வைத்து, மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, புதியதைப் பொருத்தி, மருந்து கொட்டி, குண்டை அழுத்தி உட்கார வைத்தால் வேலை முடிந்தது.

இதில் கூடு, குண்டு இரண்டிலும் அளவு தவறினால் பெரும்பாலும் கையிலேயே தெரிந்துவிடும், பொருந்தாது. மருந்து அப்படியல்ல. எந்த மருந்தும் எந்தக் கூட்டுக்குள்ளும் கொட்டும். தப்பு என்பது விசையை இழுக்கும்போதுதான் தெரியும். அதனால்தான் புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது, “எல்லாத் துப்பாக்கிக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒரே மருந்து இருக்கிறதா?” என்பது. நியாயமான கேள்வி.

எரியும் வேகத்தில்தான் ஒரு மருந்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்குள் மூன்று கிராமுக்கும் குறைவான மருந்துதான் இருக்கும். அது எரிந்து எழுப்பும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தரம் விதித்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. மருந்து வேகமாக எரிந்தால் குண்டு நகர்வதற்குள் அழுத்தம் எகிறிவிடும். மெதுவாக எரிந்தால் குண்டு குழலை விட்டுப் போன பிறகும் எரிந்துகொண்டிருக்கும், பாதி வீண். பெரிய கூடு, ஒடுங்கிய குழல், கனமான குண்டு என்றால் மெதுவான மருந்து வேண்டும். சின்னக் கூடு, லேசான குண்டு என்றால் வேகமானது. ‘எல்லாவற்றுக்கும் ஒன்று’ என்று தேடுகிறவர் இந்த வரிசையின் நடுவில்தான் போய் நிற்க வேண்டும்.

அந்த நடுவில் பல வருடங்களாக நிற்பது 4895. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஏந்திய காரண்ட் ரைஃபிளின் .30-06 தோட்டாவுக்காக டுபாண்ட் நிறுவனம் செய்த மருந்து இது. காரண்ட், குழலின் முனைக்குப் பக்கத்தில் ஒரு துளை வழியாகக் கொஞ்சம் வாயுவைத் திருப்பி, அந்த விசையில் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். மருந்து மெதுவாக எரிந்தால் துளைக்கு வரும்போதும் அழுத்தம் குறையாமல் இருக்கும், இயக்கும் தண்டே வளைந்துவிடும். அதனால் வேகம் அளவோடு இருக்க வேண்டியிருந்தது. ராணுவத்துக்காகப் பார்த்த இந்த அளவுதான் பிற்பாடு வேட்டைக்காரர்களுக்கும் வாய்ப்பாகப் போனது.

போர் முடிந்ததும் மலைபோல் மருந்து மிஞ்சியது. கான்சஸ் மாநிலத்தில் எரிவாயு கம்பெனி ஒன்றில் விற்பனையாளராக இருந்த புரூஸ் ஹாட்ஜ்டன், ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கி 50,000 பவுண்டு 4895-ஐ அரசிடமிருந்து வாங்கினார். வைக்க இடமில்லை. ஒரு பழைய ரயில் பெட்டியை மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தி அதற்குள் அடுக்கினார். ‘அமெரிக்கன் ரைஃபிள்மேன்’ இதழில் ஒரு அங்குல விளம்பரம் கொடுத்து, 150 பவுண்டு பீப்பாயை 30 டாலருக்கு விற்றார். ஒரு தலைமுறையே வீட்டில் தோட்டா நிரப்பக் கற்றுக்கொண்டதில் இந்த மலிவான மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

நம் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை செய்துவந்த கார்டைட் என்ற மருந்தை இப்படிக் கொட்டி நிரப்ப முடியாது. அது நூல் நூலாக இருக்கும். .303 தோட்டாவில் கூட்டின் கழுத்தை ஒடுக்குவதற்கு முன்பே அந்த நூல்கட்டை உள்ளே செருகிவிடுவார்கள். அது தொழிற்சாலை வேலை, வீட்டு மேஜையில் நடக்காது.

4895-ஐ உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால், பென்சில் முள்ளைப் பொடிப்பொடியாக நறுக்கியதுபோல் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் கண்ணுக்கு லேசில் தெரியாத ஒரு துளை. வெளிப்புறம் எரிந்து சுருங்கச் சுருங்க, உள்ளே துளை அகன்றுகொண்டே வரும். எரியும் பரப்பு ஏறக்குறைய மாறாமல் இருப்பதால் வாயுவும் சீராக எழும். நீளமான துண்டுகள் உள்ள மருந்தை அளவைக் கருவியில் போட்டுக் கைப்பிடியைத் திருப்பினால், துண்டு வெட்டுப்படுவது நறுக்கென்று கையில் தெரியும், அளவும் பிசகும். 4895-ன் துண்டு குட்டை என்பதால் அந்தத் தொல்லை குறைவு.

இன்னொரு நல்ல குணம், .308 போன்ற தோட்டாவில் உரிய அளவு மருந்தே கூட்டைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். கவனம் சிதறி இரண்டாம் தடவை கொட்டினால் வழிந்து மேஜையில் சிதறும், தப்பு கண்ணில் பட்டுவிடும். புதியவருக்கு இதைவிடப் பெரிய காவல் கிடையாது. ஹாட்ஜ்டன் பெயரிலான நிறுவனம் விற்கும் 4895-க்கு H4895 என்று பெயர். அதில் சிறுவர்களுக்கும் பயிற்சிக்கும் உதைப்பு குறைந்த தோட்டா செய்ய நிறுவனமே தனி வழிமுறை தந்திருக்கிறது. மெதுவான மருந்துகளில் அப்படித் தன்னிஷ்டத்துக்குக் குறைத்தால் அழுத்தம் தாறுமாறாகப் போகும். இப்போது ஆஸ்திரேலியாவில் தயாராகும் இந்த H4895 வெயிலுக்கும் குளிருக்கும் அவ்வளவாக மாறுவதில்லை.

குறையும் உண்டு. .223-லிருந்து .30-06 வரை எங்கும் ஒப்பேறும், ஆனால் பல இடங்களில் முதலிடம் வேறு மருந்துக்குத்தான். 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் போன்ற பெரிய கூட்டில் கனத்த குண்டுக்கு 4831 என்ற மெதுவான மருந்து தரும் வேகத்தை இது தராது. வருடத்துக்கு ஒரு மான் வேட்டை, இடையிடையே பலகைக் குறி என்று இருப்பவருக்கு அந்த வேகக் குறைவு பொருட்டே இல்லை. ஐந்து மருந்து டப்பாக்களை மேஜையில் வைத்துக் குழம்புவதைவிட ஒன்றை ஆழமாகத் தெரிந்துகொள்வதே அவருக்கு நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. H4895 வேறு, IMR என்ற முத்திரையில் வரும் IMR 4895 வேறு. 4831-ல் இது இன்னும் அபாயம்: IMR முத்திரையிட்டது ஹாட்ஜ்டனுடையதைவிட வேகமாக எரியும். H4831-க்கான அளவை IMR 4831-ல் கொட்டினால் அழுத்தம் வரம்பைத் தாண்டக்கூடும். 2003-ல் IMR-ஐ ஹாட்ஜ்டனே வாங்கிவிட்டதால் இன்று இரண்டும் ஒரே நிறுவனத்தின் விற்பனையில், கடையில் ஒரே அலமாரியில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. டப்பாவின் மேல் உள்ள முழுப் பெயரும் கையேட்டில் உள்ள முழுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் மூடியைத் திறக்க வேண்டும். சீட்டுக் கிழிந்த டப்பா, நண்பர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த மிச்சம் எதுவானாலும் அதைத் தோட்டாவில் போடவே கூடாது.

(தொடரும்)