காவல் குட்டிக்குக் கடிக்க என்ன கொடுக்கலாம்?

தோட்டக் காவலுக்கென்று ராஜபாளையம், கோம்பைக் குட்டி வாங்கி வந்த சில வாரங்களிலேயே செருப்பு, மண்வெட்டிப் பிடி, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் பல் தடத்துடன் கிடக்கும். குட்டியை அடித்துப் பயனில்லை. மூன்று, நான்காம் மாதத்தில் 28 பால் பற்களும் விழத் தொடங்கி, ஏறக்குறைய 7 மாதத்திற்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்து சேரும். அதுவரை ஈறு தினவெடுக்கும். நாம் கொடுக்காவிட்டால் குட்டியே எதையாவது தேடிக்கொள்ளும், ஆபத்து அங்கேதான்.

வேகவைத்த கோழி எலும்பு கூடவே கூடாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்திக் கிழிக்கும். மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை, மாங்கொட்டை ஆகியவை களத்தில் தாராளமாகக் கிடப்பவை. விழுங்கினால் செரிக்காமல் குடலை அடைக்கும். பூச்சிமருந்து காலி டப்பாவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் வரப்பில் எறிந்து வைப்பதும் நாம்தானே!

கடையில் வாங்குவதானால், வாய்க்குள் முழுதாக அடங்காத கெட்டி ரப்பர் பொம்மை ஏற்றது. நகத்தால் அழுத்தினால் சற்றே பதிய வேண்டும். பதியாதது பல்லை உடைக்கும். காசு செலவழிக்க மனமில்லையா? பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, பெரிதாக இறுக முடிச்சிட்டு, நீரில் நனைத்துக் கொடுத்தால் ஈறு குளிரும். அருகில் இருந்து பார்த்துக்கொண்டு, நூல் பிரிந்ததும் அகற்றிவிட வேண்டும். நைலான் கயிறு ஆகாது.

தீனி மறுத்து, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, வயிறு உப்பி முக்கினால் குடல் அடைப்பாக இருக்கலாம். விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆசனவாயில் நூல் தொங்கினாலும் இழுக்காமல், அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும்.