நகர வீதிகளில் மரங்கள்

மாணவர்களே, இத்தலைப்பில் வினா வந்தால் "மரம் நிழல் தரும், காற்றைச் சுத்தமாக்கும்" என எழுதிவிட்டுப் பலர் நிறுத்திவிடுகிறீர்கள். இது நான்காம் வகுப்புப் பிள்ளையும் எழுதக்கூடிய விடை. எவ்வாறு நடைபெறுகிறது, எந்த இடத்தில் நடைபெறுகிறது என்பவற்றையும் எழுத வேண்டும்.

தாரும் கொங்கிறீற்றும் பகலில் சூரிய வெப்பத்தை உறிஞ்சி, இரவில் மெல்ல வெளிவிடுகின்றன. இதனால் நகரம் சுற்றியுள்ள கிராமங்களைவிடச் சூடாகின்றது. இதுவே நகர வெப்பத் தீவு எனப்படும். மரத்தின் விரிந்த கிளைகள் வெயில் தரையிற் படாமல் தடுக்கின்றன. அத்துடன் ஆவியுயிர்ப்பின்போது இலைகளிலுள்ள நீர் ஆவியாவதற்குச் சூழலின் வெப்பம் செலவாகின்றது. பெரிய மரமொன்று வெப்பமான ஒரு நாளில் 100 லீற்றருக்கும் கூடுதலான நீரை இவ்வாறு வெளிவிடக்கூடும்.

கொழும்பு பௌத்தாலோக மாவத்தையின் மழைமரங்களை உதாரணமாகக் காட்டலாம். தூங்குமூஞ்சி மரம் என்பதும் இதுவே. இதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளாகும்.

ஆனால் 2023 ஒக்டோபர் 6ஆந் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ் வண்டியொன்றின் மீது பெரிய மரம் விழுந்து 5 பேர் உயிரிழந்தனர். இதனை வைத்து "வீதி மரங்களை வெட்ட வேண்டும்" என எழுதிவிடாதீர்கள். பொதுவாக வீதி மரங்கள் ஏன் சாய்கின்றன என்று பாருங்கள். மரவேர்களிற் பெரும்பாலானவை மேல்மண்ணின் 1 மீற்றர் ஆழத்துக்குள்ளேயே பக்கவாட்டில் பரவுகின்றன. வடிகாலுக்கும் நீர்க்குழாய்க்கும் கிடங்கு வெட்டும்போது அறுபடுவது இவ்வேர்களே. அடிமரத்தைச் சுற்றிச் சீமெந்து இட்டால் நீரும் வளியும் மண்ணுட் புகா. மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் தறித்தால் மரம் சமநிலை இழக்கும். பின்னர் கடும் மழையில் மண் இளகும்போது மரம் சாய்கின்றது. பழியை மட்டும் காற்றின் மீது போடுகிறோம்!

சிங்கப்பூரிலும் இதே மழைமரங்கள் வீதியோரங்களில் ஏராளம். அங்கு 1963இல் பிரதமர் லீ குவான் யூ மரநடுகை இயக்கத்தைத் தொடக்கினார். 1975இல் கொண்டுவரப்பட்ட சட்டம், கட்டுமானங்களின்போது மரங்களுக்கும் இடம் ஒதுக்குவதைக் கட்டாயமாக்கியது. இந்த வேறுபாட்டையே உங்கள் விடையில் அழுத்திக் கூறுங்கள்: மரம் வளர்வதற்கான இடம் வீதி வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும்.

பயிற்சி வினா: உமது நகரின் பிரதான வீதியொன்றில் மரம் நடுவதற்குப் பொருத்தமான இடமொன்றையும் பொருத்தமற்ற இடமொன்றையும் குறிப்பிட்டு, காரணங்களை விளக்குக.